தலைக்கணக்கா, தேவைக்கணக்கா? பொதுப்பள்ளி நிதியும் சமநீதியும்

கல்வியில் சமவாய்ப்பு என்ற சொற்றொடரை நாம் கேட்காத ஆண்டில்லை. ஐந்தாண்டுத் திட்டங்களிலும் அமைச்சர்களின் உரைகளிலும் பள்ளி ஆண்டு மலர்களின் வாழ்த்துச் செய்திகளிலும் அது தவறாமல் இடம்பெறும். 2013 முதல் 2025 வரைக்குமென வகுக்கப்பட்ட மலேசியக் கல்விப் பெருந்திட்டம் ஐந்து இலக்குகளை முன்வைத்தது. வாய்ப்பு, தரம், சமநீதி, ஒற்றுமை, செயல்திறன் என்பவை அவை. நகரத்துக்கும் புறநகருக்கும், வசதியுள்ளோருக்கும் வறியோருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள தேர்ச்சி இடைவெளியை 2020க்குள் பாதியாகக் குறைப்போம் என்றும் அத்திட்டம் உறுதி கூறியது. இலக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், ஓர் அரசின் முன்னுரிமை எது என்பதை அறிய வேண்டுமானால் இலக்கைப் பார்ப்பதை விடப் பணம் எந்தக் கணக்கில் பிரிக்கப்படுகிறது என்பதைப் பார்ப்பதே சரியான வழி. இக்கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது சமம். ஒவ்வொருவரும் ஒரே இடத்தை அடையத் தேவையான அளவு கொடுப்பது சமநீதி. நம் நாட்டில் சில மானியங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. சில, அந்தச் சமத்தைக்கூட எட்டாதவை.

கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு, பொதுப் பணத்திலிருந்து மாணவர்களின் கல்விக்கு உதவி வழங்கும்போது சமயம், இனம், மரபு, பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி வேறுபாடு பாராட்டக்கூடாது என்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கல்வி நிலையங்களை அரசாங்க நிலையம், அரசாங்க உதவிபெறும் நிலையம், தனியார் நிலையம் என மூன்றாக வகுக்கிறது. இதுவரை சிக்கல் இல்லை. நடைமுறையில்தான் 'முழு உதவி', 'பகுதி உதவி' என்ற பிரிவு வருகிறது. பள்ளி நிற்கும் நிலம் அரசுக்கு உரியதானால் அது முழு உதவி பெறும். நிலம் தோட்ட நிறுவனத்துக்கோ, கோயிலுக்கோ, வாரியத்துக்கோ உரியதானால் பகுதி உதவிதான். தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த இரண்டாம் வரிசையில் நிற்கின்றன.

ஏன் நம் பள்ளிகளின் நிலம் நம் கையிலும் இல்லை, அரசின் கையிலும் இல்லை? பதில் வரலாற்றில் இருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டங்களில் பள்ளி நடத்துவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. துரைமார் கடமைக்காகத் தொடங்கிய பள்ளிகள் அவை. கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்த பள்ளிகளும் உண்டு. நிலப்பட்டாவைப் பிரித்து எழுதித்தரவேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை. விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகக் கணக்கு. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. இன்று 520க்கும் சற்று மேற்பட்ட பள்ளிகளே எஞ்சியுள்ளன. எஞ்சியவற்றிலும் பலவற்றுக்கு உரிய நிலம் இன்னும் நிறுவனங்களின் பட்டாவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இதன் விளைவைப் புள்ளிவிவரத்தில் காணலாம். 2006 முதல் 2010 வரையிலான ஒன்பதாவது மலேசியத் திட்டத்தில் தொடக்கப்பள்ளிகளின் மேம்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட தொகையில் தேசியப்பள்ளிகளுக்குச் சுமார் 460 கோடி ரிங்கிட். சீனப்பள்ளிகளுக்கு 17 கோடியே 43 லட்சம். தமிழ்ப்பள்ளிகளுக்கு 6 கோடியே 48 லட்சம். மொத்தத்தில் நமக்குக் கிடைத்தது ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. அந்நாளில் தொடக்கப்பள்ளி மாணவர்களில் தமிழ்ப்பள்ளியில் பயின்றோர் மூன்று விழுக்காட்டை ஒட்டியிருந்தனர். எனவே, தலைக்கணக்கின்படி பார்த்தாலும் பாதிகூட வரவில்லை. தேவைக்கணக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் சம்பளத்தை இருவகைப் பள்ளிகளுக்கும் அரசாங்கமே முழுமையாக ஏற்கிறது. மாணவர் குறைந்த பள்ளியில் ஆசிரியர்-மாணவர் விகிதம் நன்றாகவே இருக்கும். ஆகவே, அரசு தமிழ்ப்பள்ளிக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று மேடையில் முழங்குவது உண்மைக்குப் புறம்பானது. அது நம் வாதத்தையே பலவீனப்படுத்தும். குறை இருக்குமிடம் கட்டடம், நிலம், பாலர் வகுப்பு, கணினி, நூலகம், திடல் ஆகியவை. அந்த இடத்தைச் சுட்டிக்காட்டிப் பேசுவதே பயன் தரும்.

அடுத்தது, தலைக்கணக்கு மானியம். பாடத்துக்கும் துணைப்பொருள்களுக்கும் மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று பள்ளிக்குத் தொகை கொடுக்கும் முறை இது. பார்ப்பதற்கு இதைவிட நியாயமான முறை இருக்க முடியாது என்றே தோன்றும். ஓர் எடுத்துக்காட்டுக்காக, தலைக்கு 100 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 1,500 மாணவர்கள் உள்ள நகரப்பள்ளிக்கு ஒன்றரை லட்சம் வரும். 40 மாணவர்கள் உள்ள தோட்டப்பள்ளிக்கு 4,000 வரும். ஆனால், நகலெடுக்கும் இயந்திரம் இரண்டு பள்ளிக்கும் ஒரே விலைதான். அறிவியல் அறைக்கு வேண்டிய அடிப்படைக் கருவிகளும் அப்படியே. மாவட்டப் போட்டிக்கு மாணவரை ஏற்றிச்செல்லும் பேருந்து, பிள்ளைகள் குறைவு என்பதற்காகப் பாதி வாடகை கேட்பதில்லை. செலவில் ஒரு பெரும் பகுதி தலையைப் பொறுத்ததே அன்று. சிறிய பள்ளிகளுக்கெனத் தளர்த்தப்பட்ட விதிகளும் கூடுதல் உதவிகளும் அவ்வப்போது வந்தாலும் அடிப்படைக் கணக்கு இதுதான்.

150 மாணவர்களுக்குக் குறைவாக உள்ள பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று கல்வியமைச்சு வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் மிகப் பல இவ்வகையைச் சேர்ந்தவை. 30 மாணவர்கூட இல்லாத பள்ளியில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒன்றாக அமர்த்திப் போதிக்கும் கூட்டு வகுப்பும் நடக்கும். பயிற்சி ஆசிரியராகச் சென்றிருந்த காலத்தில் அத்தகைய வகுப்பொன்றைக் கண்டேன். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் நான்காம் ஆண்டுப் பின்னம், வலப்பக்கம் ஐந்தாம் ஆண்டுப் பின்னம். அந்த ஆசிரியை திறமைசாலி. வகுப்பு அருமையாகவே நடந்தது. ஆனால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்தது அரை மணி நேரப் பாடத்தில் பதினைந்து நிமிடம். இதே சமயத்தில் கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி போன்ற நகரப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. அங்கே சிக்கல் இடநெருக்கடி. இரண்டுக்கும் ஒரே மருந்து பொருந்தாது.

இச்சிக்கலைப் பிற நாடுகள் எப்படிக் கையாண்டன? நெதர்லாந்து 1985இல் 'எடை' முறையைக் கொண்டுவந்தது. சாதாரண மாணவரை 1 என்று எண்ணினால், கல்வித்தகுதி குறைந்த டச்சுப் பெற்றோரின் பிள்ளை 1.25 என்றும், அத்தகைய குடியேறிகளின் பிள்ளை 1.9 என்றும் கணக்கிடப்பட்டனர். அதாவது, அப்பிள்ளை சேரும் பள்ளிக்கு ஏறத்தாழ இரண்டு மாணவருக்கான ஆசிரியர் வளம் கிடைத்தது. 2006 முதல் இன அடையாளத்தை விட்டுவிட்டுப் பெற்றோரின் கல்வித்தகுதியை மட்டுமே அளவுகோலாக்கினர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2013இல் ஏறத்தாழ இதே எண்ணத்தைச் சட்டமாக்கியது. வறிய குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளை, வளர்ப்புப் பராமரிப்பிலுள்ள பிள்ளை ஆகியோருக்கு அடிப்படைத் தொகைக்கு மேல் 20 விழுக்காடு கூடுதல். ஒரு கல்வி வட்டாரத்தில் இத்தகையோர் 55 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு இன்னும் கூடுதல். வறுமை ஓரிடத்தில் குவியும்போது சுமை பன்மடங்காகிறது என்பதைக் கணக்கிலேயே ஏற்றுக்கொண்ட முறை இது.

நெதர்லாந்தின் மாற்றம் நமக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. 'தமிழ்ப்பள்ளிக்குத் தனிச் சலுகை கொடு' என்று கேட்டால் அது இன அரசியலாகிவிடும். ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்ட உரைக்காகக் காத்திருக்கவும் வேண்டும். 2012ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கு 10 கோடி ரிங்கிட் சிறப்பு ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டதை நன்றியோடு நினைக்கலாம். ஆனால், அறிவிப்பு ஒன்று, சூத்திரம் வேறொன்று. அறிவிப்பை அடுத்த ஆண்டு மறக்கலாம். வறுமை, தொலைவு, பள்ளியின் சிறுமை ஆகிய மூன்றுக்கும் எடை கொடுக்கும் ஒரு சூத்திரம் இருந்தால் தோட்டப்பள்ளி பயனடையும். சபா, சரவாக் உட்புறத்திலுள்ள தேசியப்பள்ளியும் பயனடையும். கூரை ஒழுகும் பள்ளிக்கு மொழி எதுவாக இருந்தால் என்ன? இந்தக் கோரிக்கையில் நமக்குக் கூட்டாளிகள் கிடைப்பார்கள் என்பது என் எண்ணம்.

பாலர் வகுப்புக்கும் இதே அளவுகோல் பொருந்தும். முதலாம் ஆண்டில் எழுத்தறியாமல் நுழையும் பிள்ளைக்குப் பின்னர் நடத்தப்படும் மீட்பு வகுப்புகள் கூடுதல் செலவானவை, பலன் குறைந்தவை. ஆகவே, வீட்டு வருமானம் குறைந்த இடங்களில் பாலர் வகுப்புக்கான கட்டடமே முதலில் எழவேண்டும். மண்டபமும் வளைவும் பிறகு வரட்டும். (நம் நன்கொடையாளர்கள் பெயர்ப்பலகை வைக்க மண்டபத்தையே விரும்புகிறார்கள் என்பது வேறு கதை.) இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்போது சிலர் ஓராண்டைக் கழிக்கும் புகுமுக வகுப்பும் கவனிக்கத்தக்கது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. மலாய்மொழியில் பின்தங்கும் பிள்ளையைத் தொடக்கப்பள்ளியிலேயே அடையாளம் கண்டு கைதூக்கிவிடும் பொறுப்பு இப்போது வகுப்பறை மதிப்பீட்டின் மீது விழுந்திருக்கிறது.

இவை அனைத்துக்கும் முன்னால் நிற்பது நிலம். இங்கேதான் அரசமைப்பின் ஒரு முடிச்சு இருக்கிறது. கல்வி கூட்டரசின் பட்டியலில் உள்ளது. நிலம் மாநிலத்தின் பட்டியலில் உள்ளது. கல்வியமைச்சு நினைத்தாலும் தனியாகப் பட்டா வழங்க இயலாது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி மாநில நிலத்தைப் பொதுப்பயனுக்கென ஒதுக்கி அரசிதழில் வெளியிடும் அதிகாரம் மாநில அரசிடமே உள்ளது. தனியார் நிலமானால் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் வழி கையகப்படுத்தலாம். அதற்குரிய இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும். 2008க்குப் பிறகு சிலாங்கூர், பினாங்கு மாநில அரசுகள் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டு மானியம் வழங்கத் தொடங்கின. மானியத்தோடு நிலத்தையும் சேர்த்துப் பேசும் மாநிலமே இச்சிக்கலின் வேரைத் தொடுகிறது.

தோட்டம் விற்பனைக்கு வருமுன் இதைச் செய்வது எளிது, வந்தபின் கடினம். மேம்பாட்டு நிறுவனம் திட்ட வரைபடத்தை ஊராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கும் கட்டத்திலேயே பள்ளிக்கான நிலம் அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா, எத்தனை ஏக்கர், யார் பெயரில் என்பதைப் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் எழுத்து வடிவில் கேட்டுப் பெறவேண்டும். மாவட்ட நில அலுவலகத்தில் சிறு கட்டணத்தில் பட்டா விவரத்தைத் தேடிப் பார்க்கலாம். பள்ளியின் பெயரில் இருப்பதாகப் பல்லாண்டுகளாக நம்பப்படும் நிலம் உண்மையில் யார் பெயரில் இருக்கிறது என்பது அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும்.