டாஷ்போர்டை எங்கே மாத்தணும்: துணியிலயா, அட்டையிலயா?

இந்த எபிசோட்ல கிராஃபானா டாஷ்போர்டுகளை ஃபைல் வழியா நிர்வகிக்கிறதைப் பத்திப் பேசப் போறோம். 'ப்ரொவிஷனிங்'னு சொல்வாங்களே, அதுதான். நான் இருக்கிறது காஞ்சிபுரம். அதனால தறியிலிருந்து ஆரம்பிச்சா எனக்கு விளக்குறது சுலபம்.

பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவு நடக்கிற வீடுகள்ல, தறிக்கு மேல ஒரு பெட்டியும், துளை போட்ட அட்டைகளைக் கோர்த்த ஒரு நீளமான மாலையும் இருக்கும். அதுதான் ஜக்கார்டு. 1804 வாக்குல பிரான்ஸ்ல ஜோசப் மேரி ஜக்கார்டு உருவாக்கின கருவி. ஊடை இழை ஒரு தடவை குறுக்கே போறதுக்கு ஒரு அட்டை. துளை இருந்தா கொக்கி பாவு இழையைத் தூக்கும். இல்லேன்னா இழை கீழேயே இருக்கும். ஒரு துளை தப்பா இருந்தா, கரையில வர்ற ஒவ்வொரு மயில்லயும் அதே தப்பு வரும். துணியில ஒரு மயிலைச் சரி பண்ணிட்டா, அடுத்த மயில் சரியாயிடாது. அட்டையைத்தான் மாத்தணும்.

ப்ரொவிஷனிங்லயும் இதே கதைதான். ஸ்கிரீன்ல தெரியுற டாஷ்போர்டு துணி; ஜேசன் ஃபைல் அட்டை.

மவுஸ் வெச்சு நாம வரையுற டாஷ்போர்டு கிராஃபானாவோட டேட்டாபேஸ்ல சேமிக்கப்படும். அந்த டேட்டாபேஸ் போனா டாஷ்போர்டும் போச்சு. 2018-ல வந்த 5.0 வெர்ஷன்ல இருந்து வேற வழி இருக்கு. ப்ரொவிஷனிங் ஃபோல்டர்ல ஒரு சின்ன யாமல் ஃபைல் வெச்சு, ஜேசன் ஃபைல்கள் எங்கே இருக்குன்னு சொல்லிட்டாப் போதும். கிராஃபானா ஆரம்பிக்கும்போதே அதையெல்லாம் படிச்சுக்கும். அப்புறம் ஏதாவது மாறியிருக்கான்னு அப்பப்போ பார்த்துக்கும். நாம எதுவும் குறிப்பிடலேன்னா, 10 விநாடிக்கு ஒரு தடவை.

இதுல மூணு விஷயம் முக்கியம்.

முதல்ல, 'அலோ யூஐ அப்டேட்ஸ்'. இயல்பா இது அணைஞ்சிருக்கும். ஸ்கிரீன்ல மாத்திட்டு சேவ் பண்ணப் போனா, முடியாதுன்னு சொல்லி, ஜேசனை காப்பி பண்ணிக்கோன்னு நீட்டும். எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா இதை ஆன் பண்ணினா சேமிப்பு டேட்டாபேஸுக்கு மட்டும்தான் போகும், ஃபைலுக்குப் போகாது. ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்துடுச்சு. டிஸ்க் நிரம்புதான்னு பார்க்க ஒருத்தர் புது பேனல் சேர்க்கிறார். அடுத்த வாரம் இன்னொருத்தர் ஃபைல்ல தலைப்பை மட்டும் மாத்துறார். ஃபைல் மறுபடி ஏறும், பேனல் காணாமப் போகும். யாருக்கும் எந்த எச்சரிக்கையும் வராது. அடுத்த தடவை டிஸ்க் நிரம்பும்போது பார்க்க வேண்டிய பேனல் அங்கே இருக்காது.

ரெண்டாவது, ஃபைலை அழிச்சா டாஷ்போர்டும் அழிஞ்சிடும். அது வேண்டாம்னா 'டிஸேபிள் டெலீஷன்' ஆன்ல இருக்கணும்.

மூணாவது, யூஐடி. ஒவ்வொரு ஜேசனுக்கும் நிலையான, தனித்துவமான யூஐடி கொடுங்க. காப்பி பண்ணின ஃபைல்ல பழைய யூஐடியே இருந்தா ரெண்டும் மோதிக்கும். டேட்டா சோர்ஸுக்கும் அதேதான்: ஸ்டேஜிங்லயும் ப்ரொடக்ஷன்லயும் ஒரே யூஐடி வைங்க. 120 கொக்கிப் பெட்டிக்குப் போட்ட அட்டையை 240 கொக்கிப் பெட்டியில அப்படியே மாட்ட முடியாது இல்லையா? யூஐடி வேறயா இருந்தா பேனல்களும் அப்படித்தான், டேட்டா எங்கே இருக்குன்னு தெரியாம வெறுமையா நிக்கும்.

அப்போ வேலை எப்படிப் பண்றது? டாஷ்போர்டை ஒரு காப்பி எடுத்து, அதுல தாராளமா விளையாடுங்க. திருப்தியானதும் ஜேசனை எடுத்து கிட்ல போடுங்க. டீம்ல இன்னொருத்தர் பார்த்து மெர்ஜ் பண்ணட்டும். எந்த எல்லைக்கோட்டை யார், ஏன் மாத்தினாங்கன்னு ஆறு மாசம் கழிச்சும் தெரியும். அவசரத்துல ஸ்கிரீன்லயே சேர்த்த பேனலை, பிரச்சினை முடிஞ்ச கையோட ஃபைலுக்குக் கொண்டு வந்துடுங்க.

நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க யாமலைத் திறந்து, 'அலோ யூஐ அப்டேட்ஸ்' என்ன நிலையில இருக்குன்னு பாருங்க. ஆன்ல இருந்தா, அணைக்கிறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல இருக்கிறதையும் ஃபைல்ல இருக்கிறதையும் ஒப்பிட்டுப் பார்த்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!