குருவித் தட்டும் ஐந்து கோட்டு அணிலும்

தில்லியில் தோட்டம் என்றால் நம்மவர்களில் சிலருக்குத் தரைத்தள வீட்டின் பின்னால் பன்னிரண்டு அடிக்கு இருபது அடி மண். மற்றவர்களுக்குப் பால்கனியில் நாலு தொட்டி. எதுவாயினும் ஒரு மூலையில் தட்டு வைத்து, கம்போ நொய்யோ போட்டுக் குருவிகளை அழைக்க ஆசைப்படாதவர்கள் குறைவு. ஊரில் இதற்கென்று தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. வாசலில் அரிசிமாக் கோலம் போட்டால் எறும்புக்கும் குருவிக்கும் அதுவே காலை ஆகாரம். அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவதும் உண்டு. இங்கே அந்த வேலையைத் தட்டு செய்ய வேண்டியிருக்கிறது. தட்டு வைத்த மூன்றாம் நாளே கேள்வியும் வந்துவிடுகிறது: "குருவிக்கு வைத்ததை எல்லாம் அணில் தின்றுவிட்டுப் போகிறதே, என்ன செய்வது?"

சங்கத்துப் பொங்கல் விழாவில் மட்டும் நாலு பேர் என்னிடம் இதைக் கேட்டார்கள். ரயில்வேயில் இரும்போடும் தகடோடும் பழகியவன்தானே என்ற நம்பிக்கை போலும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது.

முதலில் இந்த அணில் யார் என்று பார்ப்போம். இது நம் ஊர் அணில் அல்ல. நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள். தில்லி அணிலை நிதானமாகப் பார்த்தால் ஐந்து தெரியும். ஓரத்துக் கோடுகள் இரண்டும் கொஞ்சம் மங்கல். தெற்கத்தி அணிலை ஃபுனாம்புலஸ் பால்மாரம் என்றும் வடக்கத்தி அணிலை ஃபுனாம்புலஸ் பென்னன்டி என்றும் விலங்கியலார் பிரிக்கிறார்கள். ஃபுனாம்புலஸ் என்றால் லத்தீனில் கயிற்றின்மேல் நடப்பவன், நம் கழைக்கூத்தாடி. பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். தட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அணில் வராது என்று நினைப்பவர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சேது கட்டும்போது அணில் செய்த உதவியை மெச்சி ராமர் மூன்று விரலால் தடவிக் கொடுத்தார் என்ற கதையை நம் வீடுகளில் சொல்லாதவர் இல்லை. வால்மீகியில் இந்தக் கதை கிடையாது. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் அணைகட்டிய அணில் வருகிறது. ஆனால் அங்கும் முதுகுக் கோடுகளைப் பற்றிப் பேச்சில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் விவரமானவர்கள். எங்கள் பேத்தி, "அப்படியானால் இங்கே ஏன் ஐந்து கோடு?" என்று கேட்டாள். என் மனைவி சற்றும் யோசிக்காமல், "அங்கே ராமர் வெளியூர்க்காரர், மூன்று விரலோடு நிறுத்திக்கொண்டார். இது அவர் சொந்தச் சீமை, முழுக் கையால் தடவினார்" என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் குறுக்குக் கேள்வி இல்லை.

இந்த ஐந்து கோட்டு அணிலும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து மிருகக்காட்சி சாலையில் 1898-ல் விடப்பட்ட சில அணில்களின் சந்ததி இன்றும் அந்த வட்டாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பேச வேண்டியது கருவியைப் பற்றி. அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ "அணில் நுழையாத தீனிப்பெட்டி" என்று ஒன்றை அனுப்பி வைக்கிறார்கள். விலையும் அதிகம், வேலையும் நேர்த்தி. ஆனால் அது அந்த ஊர்ச் சாம்பல் அணிலுக்காகச் செய்தது. அதன் எடை 400 முதல் 600 கிராம் வரை. நம் அணில் சுமார் 100 கிராம். சிட்டுக்குருவி சுமார் 25 கிராம். அந்தப் பெட்டியில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். கனமான அணில் ஏறினால் தீனி வாசல் மூடிக்கொள்ளும். நம் அணில் ஏறினால் அது அசையாது. சரி, ஸ்பிரிங்கைத் தளர்த்தி 100 கிராமுக்கு மூடும்படி செய்யலாமே என்றால், நாலு குருவி சேர்ந்து உட்கார்ந்தாலும் அதே 100 கிராம்தான். குருவி ஒருநாளும் தனியாக வராது என்பது உங்களுக்குத் தெரியும். மைனாவோ ஒன்றே 100 கிராமுக்குச் சற்று மேல். ஆக எடையைக் கொண்டு நம் ஊரில் ஆளைப் பிரிக்க முடியாது.

இன்னொரு வகை, கம்பிக் கூண்டுக்குள் தீனிக்குழாய் வைத்தது. குருவி நுழையும், பெரிய அணில் நுழையாது என்பது கணக்கு. நம் அணிலின் உடம்பு அவ்வளவு ஒல்லி. குருவி நுழையும் சந்தில் அதுவும் நுழைந்துவிடுகிறது. கூண்டுக்குள் உட்கார்ந்து, பருந்து பூனை பயமில்லாமல் இன்னும் நிம்மதியாகச் சாப்பிடுகிறது. அதற்கு நாம் பாதுகாப்பு அறை கட்டிக் கொடுத்த கதைதான்.

எடையும் உதவாது, அளவும் உதவாது என்றால் மிச்சம் இருப்பது ஒன்று: குருவிக்குச் சிறகு உண்டு, அணிலுக்கு இல்லை. வழியை அடைப்பதுதான் வேலை. இதை நம் தென்னந்தோப்புக்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழ அகலத்துக்குத் தகரம் சுற்றி அடித்திருப்பார்கள். எலிக்கு வழுக்கிவிடும், மேலே போக முடியாது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் கயிற்றிலும் வட்டத் தகடு மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் எலிக்காகத்தான். தத்துவம் ஒன்றே.

தோட்டம் உள்ளவர்களுக்கு என் முறையைச் சொல்கிறேன். ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய் 7 அடி வாங்கி, ஒன்றரை அடி மண்ணுக்குள் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். மேலே ஐந்தரை அடி நிற்கும். அதன் உச்சியில் தட்டு. தட்டு மரப்பலகையாக அல்லது மண்சட்டியாக இருக்கட்டும். தில்லி மே மாதத்தில் இரும்புத் தட்டு தோசைக்கல் ஆகிவிடும். அடியில் நாலைந்து சிறு துளை போட்டால் மழைத்தண்ணீர் தேங்காது.

இனி தகரக் குடை. டிரங்குப் பெட்டி செய்கிறவரிடம் போய் 24 அங்குல விட்டத்தில் வட்டமாக ஜி.ஐ. ஷீட் வெட்டச் சொல்லுங்கள். அதில் சரியாகக் கால் பாகத்தை (ஒட்டுவதற்கு அரை அங்குலம் விட்டு) வெட்டி எடுத்துவிட்டு, மீதி முக்கால் வட்டத்தின் இரண்டு ஓரங்களையும் சேர்த்தால் கூம்பு கிடைக்கும். அடிவிட்டம் 18 அங்குலம், உயரம் 8 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. விளிம்பில் கம்பி வைத்து மடிக்கச் சொல்ல மறக்காதீர்கள். அறுபட்ட தகரம் அணிலின் காலையும் கிழிக்கும், நம் கையையும் கிழிக்கும். உச்சித் துளை குழாயைவிடக் கால் அங்குலம் பெரிதாக இருந்து, கீழே ஒரு கிளாம்ப் மட்டும் தாங்க வேண்டும். குடை லேசாக ஆடினால் நல்லது. ஆடுகிற பொருளின்மேல் அணிலுக்கு நம்பிக்கை கிடையாது. குடையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 4 அடி இருக்கட்டும். குழாயில் ஏறிவரும் அணில் கூம்பின் உட்புறத்தில் முட்டி, முன்னும் போக முடியாமல் திரும்பிவிடும். பெயிண்ட் அடிக்காதீர்கள். பெயிண்ட் உரிந்தால் நகத்துக்குப் பிடிமானம் கிடைத்துவிடும்.

இவ்வளவு செய்தும் பக்கத்தில் கொய்யாக் கிளை இருந்தால் எல்லாம் வீண். கிளை, மதில், துணிக்கொடி, தொட்டி, மறந்து வைத்த நாற்காலி எல்லாமே அணிலுக்குப் பிளாட்பாரம்தான். அமெரிக்க நூல்களில் பெரிய அணிலுக்கு 8 முதல் 10 அடி தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் இருபக்க மதிலிலிருந்தும் 6 அடிதான் கிடைத்தது. நம் சின்ன அணிலுக்கு அது போதுமாக இருக்கிறது. முதல் வாரம் மதில்மேல் உட்கார்ந்து வாலைச் சிலிர்த்துக்கொண்டு கீச்சுக்கீச்சென்று திட்டியது. பிறகு விட்டுவிட்டது. என் மனைவிக்கு மனம் கேட்கவில்லை. மதிலின் கடைசி மூலையில் தினம் நாலு வேர்க்கடலை வைக்கிறாள். நான் ஆட்சேபிக்கவில்லை.

பால்கனிக்காரர்களுக்கு இது பொருந்தாது. கூரைக் கொக்கியிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பியில் தட்டைத் தொங்கவிட்டு, தட்டுக்கு மேலே ஒரு சாண் விட்டு, தட்டைப் போல் இரண்டு மடங்கு அகலமுள்ள பழைய அலுமினிய மூடியைக் கவிழ்த்து மாட்டலாம். ஆனால் கிரில் மூன்று நான்கடி தள்ளி இருந்தால்தான் இது பலிக்கும். பெரும்பாலான பால்கனிகளில் அவ்வளவு இடம் இல்லை. அங்கே நேரம்தான் கருவி. விடிந்ததும் ஒரு பிடி கம்பு, குருவிகள் அரைமணி நேரத்தில் முடிக்கிற அளவு மட்டும் போடுங்கள். மிச்சமிருந்தால் எடுத்துவிடுங்கள். நாள் முழுக்க நிரம்பி வழியும் தட்டு அணிலைவிட மோசமான விருந்தாளிகளைக் கூட்டி வரும். ஒன்று புறா. இன்னொன்று எலி. இரவில் தட்டு காலியானால் அணிலைப் பழிக்காதீர்கள்; அணில் பொழுது சாய்ந்ததும் கூட்டுக்குப் போய்விடும். அது எலியின் வேலை. சிந்திய தானியத்தைத் தினமும் பெருக்கி, தட்டை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். புறா எச்சம் படிந்த தட்டில் குருவிக்கு நோய்தான் மிஞ்சும்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். குழாயில் கிரீஸ் தடவுவது ஒன்று. ஆக்சில் பெட்டியில் இருக்க வேண்டியது அணிலின் ரோமத்திலும் குருவியின் இறகிலும் ஒட்டினால் அவற்றால் உதற முடியாது. நக்கினால் வயிற்றுக்குள் போகும். மிளகாய்ப் பொடி தூவுவது இரண்டாவது. பறவைக்கு மிளகாயின் எரிச்சல் உறைக்காது என்பது உண்மைதான். கிளி மிளகாய்ப்பழம் தின்பதை நாம் பார்க்கிறோம். அணிலுக்கு உறைக்கும். ஆனால் லூக் காற்று வீசும் ஊரில் பொடி யார் கண்ணில் போய் விழும் என்று சொல்ல முடியாது. பசை தடவிய எலி அட்டையையும் விஷத்தையும் பற்றி விவாதிக்கவே வேண்டாம்.

கூண்டு வைத்துப் பிடித்து, தூரத்தில் கொண்டுபோய் விடுவது அகிம்சை என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் பிளாக்கில் ஒருவர், நல்ல மனிதர், எறும்புக்கும் சர்க்கரை வைப்பவர், ஒரு மார்ச் மாதத்தில் எலிக்கூண்டு வைத்து மூன்று அணில்களைப் பிடித்து யமுனைக் கரையில் விட்டுவிட்டு வந்தார். நாலைந்து நாள் கழித்து வெயிலுக்கு முன்பாகக் கூலரைத் துடைக்க ஆள் வந்தான். பக்கவாட்டு மரநார்ப் படலை எடுத்தபோது உள்ளே பஞ்சும் கந்தலும் நூலுமாக ஒரு கூடு. அதில் கண் திறக்காத இரண்டு குஞ்சுகள் உலர்ந்து கிடந்தன. தாய் ஆற்றங்கரையில். அவர் அன்று ஒன்றும் பேசவில்லை. மாலையில் கூண்டைக் கபாடிக்காரனிடம் போட்டுவிட்டார். இதை நான் எழுதுவதற்கு அவர் சம்மதித்தார், பெயர் வேண்டாம் என்றார். அணில் வயிற்றில் சுமப்பது சுமார் 40 நாள்தான். இளவேனிலில் தொடங்கி மழைக்காலம் முடிகிற வரை எந்த அணில் தாய், எது தாயில்லை என்று கூண்டுக்குத் தெரியாது. கூலரை எடுக்கும்போது கூடு தென்பட்டால் படலை அப்படியே மாட்டிவிட்டுச் சில வாரம் பொறுத்திருங்கள். மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்தால் உயிர் போய்விடாது.

அணிலின்மேல் எனக்கும் ஒரு வழக்கு உண்டு. அது தானியம் தின்பது பெரிதில்லை. முட்டையும் குஞ்சும் தின்னும். குருவிக்கூட்டுப் பெட்டி வைப்பவர்கள் தீனித்தட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. அது அணிலுக்கு வழி காட்டுவதாகும். பெட்டியின் வாசல் 32 மில்லிமீட்டர் துளையாக இருக்கட்டும், சுற்றிலும் தகரப் பட்டை அடிக்கட்டும். இல்லாவிட்டால் அணில் மரத்தைக் கடித்துத் துளையைப் பெரிதாக்கித் தானே குடியேறிவிடும். பட்டை அடித்தாலும் ஒல்லி அணில் நுழையப் பார்க்கும். ஆகையால் பெட்டியை மரத்தில் மாட்டாமல், மேலும் கீழும் பிடிமானமில்லாத பூசிய சுவரில், கூரை விளிம்புக்கு அடியில் மாட்டுங்கள்.

சிட்டுக்குருவியைத் தில்லி 2012-ல் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. 2020-ல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுவதுமாகப் பார்த்தால் குருவிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், தில்லி, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருப்பதாகவும் சொன்னது. குறைந்ததற்கு அணில் காரணமில்லை. கூடு கட்டப் பொந்தில்லாத கண்ணாடிச் சுவர்களும், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியில்லாத சிமெண்டுத் தரையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. குருவி வளர்ந்தபின்தான் தானியம் தின்னும். குஞ்சுக்குப் புழு பூச்சிதான் வேண்டும். எனவே தட்டு வைக்கிறவர்கள் நாலு செடிக்குப் பூச்சிமருந்து அடிக்காமல் விடுவதும் அதே கணக்கில் சேரும்.

தகரக் குடைக்கு வெட்டும் அளவுப்படம் ஒன்று முழு அளவில் காகிதத்தில் வரைந்து சங்க நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு காலை நூலகம் திறந்திருக்கும்போது வாங்கி நகல் எடுத்துக்கொள்ளலாம். டிரங்குக் கடைக்காரரிடம் காட்டும்போது விளிம்பில் கம்பி மடிப்பதை மட்டும் வாயாலும் சொல்லிவிடுங்கள். படத்தில் அது சரியாகத் தெரியவில்லை.