குறும்படத் தொகுப்புக்கு மென்பொருள் தெரிவு: விலைக்கு முன் காண வேண்டியவை

தமிழில் குறும்படம் எடுக்க விரும்பும் மாணவர்க்குப் படக்கருவி இன்று பெருந்தடையாக இல்லை. கைப்பேசியே அவ்வேலையைச் செய்துவிடுகிறது. எடுத்த காட்சிகளை வெட்டி, வரிசைப்படுத்தி, ஒலியும் எழுத்தும் சேர்த்துப் படமாக்கும் தொகுப்புப் பணிக்கு எந்த மென்பொருளை நாடுவது என்பதே எஞ்சி நிற்கும் வினா. அவ்வினாவைப் பெரும்பாலும் நாம் 'எது விலையின்றிக் கிடைக்கும்?' என்று சுருக்கிவிடுகிறோம். விலைக்கு முன் கேட்க வேண்டியவை மூன்று உள. மென்பொருள் நம் எழுத்தைப் பிழையின்றிக் காட்டுமா? நம்மிடமுள்ள கருவியில் அது தடையின்றி இயங்குமா? செய்த வேலை நாளையும் நம் கையில் இருக்குமா?

விலை குறைந்த கருவியால் தரமான தொகுப்பு இயலாது என்னும் ஐயத்தை முதலில் நீக்கிக்கொள்வோம். 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'கோல்டு மவுண்டன்' திரைப்படத்தை வால்ட்டர் மர்ச் ஃபைனல் கட் புரோ மென்பொருளில் தொகுத்தார். பெரும்படங்களுக்கு அந்நாளில் வழங்கிய தொகுப்பு அமைப்புகளோடு ஒப்பிட அது மலிவானது. ஆயினும் அப்படம் தொகுப்புக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றது. இன்று நமக்குள்ள வாய்ப்புகள் இன்னும் மிகுதி. கேடென்லைவ், ஷாட்கட் ஆகிய இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள், கட்டணமே இல்லை. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே பள்ளிக் குறும்படத்துக்குப் போதுமானது. ஆப்பிள் கருவிகளில் ஐமூவி இலவசமாகவே கிடைக்கிறது.

இனி, முதல் வினாவுக்கு வருவோம். ஆங்கில எழுத்துகள் தட்டெழுதிய வரிசையிலேயே திரையில் அமைகின்றன. தமிழ் அவ்வாறன்று. 'கொ' என்னும் எழுத்து ஒருங்குறி முறையில் ககரமாகவும் அதனைத் தொடரும் ஒகரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போதோ கொம்பு ககரத்தின் இடப்புறமும் கால் வலப்புறமும் அமைய வேண்டும். 'கு', 'மூ' போன்றவற்றில் எழுத்தின் வடிவமே மாறுகிறது. இவ்விதிகளை அறியாத மென்பொருள் கொம்பை இடம் மாற்றி வைக்கும். அல்லது குறிகளைத் தனித்தனியே சிதறவிடும். விலையுயர்ந்த மென்பொருளும் இதற்கு விலக்கன்று. அடோபி பிரிமியர் புரோவின் பல பதிப்புகளில், தெற்காசிய மொழிகளுக்குரிய எழுத்தமைப்பு முறையை அமைப்புகள் பகுதிக்குச் சென்று நாமே தெரிவுசெய்ய வேண்டியிருந்தது.

ஆகவே, எந்த மென்பொருளையும் ஏற்கும் முன்னர் ஒரு வரியைத் தட்டெழுதிப் பார்ப்பது நன்று: 'யோகி கௌதாரிக்குக் கொள்ளு கொடுத்தான், மைனாவும் கூடவே தின்றது.' ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம், ஔகாரம், உகர ஊகார வடிவங்கள், புள்ளி ஆகிய அனைத்தும் இவ்வரியில் உள்ளன. தொகுக்கும் திரையில் சரியாகத் தெரிந்தால் மட்டும் போதாது. படமாக ஏற்றுமதி செய்த பின்னும் பார்க்க வேண்டும். பிழை தோன்றினால், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச ஒருங்குறி எழுத்துருவுக்கு மாறிப் பார்க்கலாம். அதுவும் பயன்தராவிடில், தலைப்பை வேறொரு மென்பொருளில் எழுதிப் பின்னணியற்ற படமாகச் சேமித்துக் காட்சியின்மேல் வைக்கலாம். உரையாடலுக்கான துணைவரிகளை எஸ்ஆர்டி கோப்பாகத் தனியே வைத்துக்கொள்வது மேலும் சிறந்தது. அது நேரமும் சொற்களும் கொண்ட எளிய உரைக்கோப்பு. பல மொழியினர் சேர்ந்து படம் பார்க்கும் நம் சூழலில், அதே படத்துக்கு ஆங்கிலம், மலாய் துணைவரிகளையும் தனித்தனிக் கோப்புகளாகச் சேர்க்க அது வழிசெய்யும்.

இரண்டாம் வினா கருவியைப் பற்றியது. சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எல்லார்க்கும் 2021ஆம் ஆண்டின் இறுதிக்குள் தனிக் கற்றல் கருவி கிடைத்தது. ஆயினும் ஒரு பள்ளியில் குரோம்புக், மற்றொன்றில் ஐபேட், வேறொன்றில் விண்டோஸ் மடிக்கணினி என அவை வேறுபடுகின்றன. ரிசால்வ் மென்பொருளுக்கு 16 ஜிகாபைட் நினைவகமும் நல்ல வரைகலைச் செயலியும் வேண்டும். எளிய விண்டோஸ் கணினிக்குக் கேடென்லைவ் அல்லது ஷாட்கட் பொருந்தும். ஐபேடுக்கு ஐமூவி பொருந்தும். குரோம்புக்கில் கதையையும் துணைவரிகளையும் எழுதிவிட்டுத் தொகுப்பைப் பள்ளிக் கணினிக்கூடத்தில் செய்வது நலம். இணையவழித் தொகுப்புத் தளங்களை நாடினால் மாணவரின் முகமும் குரலும் வெளி நிறுவனங்களின் கணினிகளுக்குச் செல்லும் என்பதை ஆசிரியர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

கணினியின் சுமையைக் குறைக்கவும் வழிகள் உள. 4கே படச்சட்டம் ஒன்றில் சுமார் 83 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 1920 × 1080 அளவுச் சட்டத்தில் சுமார் 21 இலட்சமே. பள்ளி அரங்கில் திரையிடப் பின்னதே போதும். 4கே அளவில் எடுத்துவிட்டாலும் கவலையில்லை. 'பதிலிக் கோப்பு' வசதியை இயக்கினால், மென்பொருள் சிறிய படிகளை உருவாக்கிக்கொண்டு அவற்றைக் கொண்டே தொகுக்க விடும். இறுதி ஏற்றுமதியின்போது மூலக் காட்சிகளையே எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் வினா உரிமையைப் பற்றியது. சில இலவசப் பதிப்புகள் ஏற்றுமதியின்போது படத்தின்மேல் தம் முத்திரையைப் பதிக்கின்றன. சந்தா மென்பொருளில், பள்ளியின் உரிமம் முடிந்ததும் மாணவர் தம் பழைய படத்தைத் திறந்து திருத்த இயலாமற் போகலாம். கட்டற்ற மென்பொருளில் அத்தடை இல்லை. எதைத் தெரிவுசெய்தாலும் காட்சி, இசை, எழுத்துரு, திட்டக் கோப்பு அனைத்தையும் தொடக்கத்திலேயே ஒரே கோப்புறையில் வைக்கப் பழக்க வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் திட்டக் கோப்பு காட்சிகளைத் தன்னுள் கொண்டிருப்பதில்லை; அவை இருக்கும் இடத்தை மட்டுமே குறித்துக்கொள்கிறது. காட்சிகளை இடம் மாற்றினால் படம் திறக்கும், காட்சிகள் இரா.

இவற்றையெல்லாம் ஒரே பாடவேளையில் சோதித்துவிடலாம். அரை நிமிடக் காட்சி ஒன்றை மாணவரின் கருவியிலேயே வெட்டி, மேற்கண்ட வரியைச் சேர்த்து, ஏற்றுமதி செய்து, வேறொரு கணினியில் பார்த்தால் மூன்று வினாக்களுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இச்சிறு சோதனையைத் தவிர்த்தால் நேர்வது என்ன? படைப்பு ஒப்படைக்கும் நாளுக்கு முந்திய இரவில் தலைப்பு சிதைந்து தோன்றுகிறது. மாணவர் வேறு வழியின்றித் தலைப்பை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகிறார். கணினிக்குத் தமிழ் ஒத்துவராது என்னும் எண்ணமும் அவர் மனத்தில் பதிகிறது. 1985ஆம் ஆண்டிலேயே மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளின் வழியே கணினித் திரைக்குத் தமிழைக் கொண்டுவந்தார். அம்முன்னோடிகள் திறந்த வழி நம் வகுப்பறையில் அடைபடலாகாது. மாணவர் தம் படத்தின் முதற்சட்டத்தில் தம் பெயரைத் தமிழில் பிழையின்றிக் காண வேண்டும். அதற்கு உதவும் மென்பொருளையே நாம் முதலில் தேடுவோம். விலையை அதன்பின் பார்ப்போம்.