உறைபனியில் ஒரு தொண்டு

மார்கழிக் குளிரில் போர்வையை விலக்கிச் சுப்ஹுத் தொழுகைக்கு எழுவது நம்மில் பலருக்கும் ஒரு சோதனையாகவே இருக்கிறது. தண்ணீர் சில்லென்றிருப்பதால் உளூச் செய்யவும் தயங்குகிறோம். குளத்து நீர் கல்லாய் உறையும் நாடுகளில், ஏழைகளின் நலனுக்காக நடத்தப்படும் பண்ணைகளில், கூலி கருதாது விடியுமுன் எழுந்து ஆடுமாடுகளைப் பேணுவோரும் உண்டு. அவர்களுடைய பனிக்கால வாழ்வில் நமக்கும் ஒரு படிப்பினை இருக்கிறது.

கிடாரியில் தொடங்கிய பணி

ஸ்பெயின் நாட்டில் 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. பசியால் வாடிய குழந்தைகளுக்குப் பால் வழங்கும் பணியில் டான் வெஸ்ட் என்ற அமெரிக்க விவசாயி ஈடுபட்டிருந்தார். இருக்கும் பாலோ கொஞ்சம். நீளும் கைகளோ அதிகம். இன்று ஊற்றிய பால் இன்றே தீர்ந்துவிடும். ஒரு பசுவையே கொடுத்தால் அக்குடும்பம் நாளையும் பால் அருந்துமே என்று அவர் சிந்தித்தார். அச்சிந்தனையின் பயனாக 1944-ஆம் ஆண்டில் 17 கிடாரிகள் பியூர்ட்டோ ரிக்கோ தீவுக்கு அனுப்பப்பட்டன. கிடாரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பின்னர் ‘ஹெஃபர் இன்டர்நேஷனல்’ என்ற நிறுவனத்தின் பெயராயிற்று.

கால்நடையைப் பெறும் குடும்பம், அது ஈனும் முதற் பெண்கன்றை மற்றோர் ஏழைக் குடும்பத்துக்கு வழங்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை. நேற்று வாங்கிய கை, இன்று கொடுக்கும் கையாகிறது! தொடங்கியவர்கள் கிறிஸ்தவர்கள், அவர்கள் வழங்கும் பிராணிகளில் நமக்கு ஹராமான பன்றியும் உண்டு. அது நம் பாதையன்று. எனினும் நல்ல முறை எங்கிருப்பினும் அதை அறிந்துகொள்வதில் தவறில்லை.

பனிக்காலத்தில் ஒரு நாள்

அமெரிக்காவின் வடகிழக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரட்லண்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே இந்நிறுவனம் பல்லாண்டுகள் ஒரு பண்ணையை நடத்தியது. பசியைப் பற்றியும் கால்நடையின் பயனைப் பற்றியும் மக்களுக்கு எடுத்துரைப்பது அதன் நோக்கம். தொண்டர்கள் அங்கேயே தங்கி உழைத்தனர்.

அவ்வட்டாரத்தில் டிசம்பர் மாதக் கதிரவன் காலை 7 மணிக்குப் பிறகே எழுவான். மாலை நான்கரை மணிக்குள் மறைந்துவிடுவான். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 10 பாகை செல்சியஸ் வரை இறங்குவது அங்கே புதுமையன்று. மேய்ச்சல் நிலத்தைப் பனி மூடிவிடுவதால், கோடையில் அறுத்து உலர்த்திய புல்லே ஆடுமாடுகளுக்கு உணவு. அந்தப் புல்தான் அவற்றுக்குக் கணப்பும் ஆகும். அசைபோடும் பிராணியின் வயிற்றில் புல் செரிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. ஆகவே குளிர் ஏற ஏறத் தீனியையும் கூட்டிக் கொடுக்க வேண்டும். தொட்டியில் உறைந்த பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் காட்ட வேண்டும். தண்ணீர் குடிக்காத ஆடு தீனியைக் குறைக்கும். தீனி குறைந்தால் உடற்சூடும் குறையும்.

இலையுதிர் காலத்தில் சினைப்பட்ட செம்மறிகள், ஏறத்தாழ ஐந்து மாதங்கள் கழித்து, பனி விலகுமுன்னரே குட்டி ஈனுவதுண்டு. நள்ளிரவிலும் தொழுவத்தைச் சுற்றிவர வேண்டிய காலம் அது. ஈரத்தோடு விழும் குட்டி, துவட்டப்படாவிடில் சிறிது நேரத்திலேயே விறைத்துவிடும். அதைத் துணியால் துடைத்து, தொப்புளில் அயோடின் தடவி, முதற் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கச் செய்ய வேண்டும். பார்ப்பாரும் இல்லை, பாராட்டுவாரும் இல்லை. கையில் சுருங்கிய தோல், காலில் சாணம், எதிரே ஓர் உயிர்!

நம்மிடம் இருந்த நன்முறை

திருக்குர்ஆனின் ‘அந்நஹ்ல்’ அத்தியாயம், கால்நடைகளில் நமக்குக் கதகதப்பும் பயன்களும் இருப்பதை எடுத்துக்கூறுகிறது. பால் கறந்து அருந்தும்படி ஓர் ஆட்டை இரவலாகக் கொடுப்பதற்கு ‘மனீஹா’ என்று பெயர். நாற்பது நற்செயல்களுள் இதனையே உயர்ந்ததாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நபியவர்களின் இல்லத்தில் அடுப்பெரியாமல் மாதங்கள் கழிந்தபோது, பால்தரும் பிராணிகளை வைத்திருந்த அன்சாரித் தோழர்கள் பால் அனுப்பிவந்ததையும் அந்நூலிலேயே காண்கிறோம்.

நாம் என்ன செய்கிறோம்? எங்கள் ஊரில் ஓராண்டு நான்கு விதவையருக்கு ஆளுக்கோர் ஆடு வாங்கிக் கொடுத்தோம். கொடுத்த அன்று துஆவும் தேநீரும் சிறப்பாக நடந்தன. ஐப்பசி அடைமழையில் இரண்டு ஆடுகள் செத்துப்போயின. கொட்டில் ஒழுகுகிறதா, தழை கிடைக்கிறதா என்று நாங்கள் ஒருவரும் சென்று கேட்கவில்லை. அக்குழுவில் நானும் ஒருவன். அந்தத் தாய்மார்களில் ஒருவர், “ஹஜ்ரத், மழை விடாமல் பெய்தபோது உங்களில் ஒருவராவது வந்து எட்டிப் பார்த்திருக்கலாமே!” என்றார். அதற்கு இன்றளவும் என்னிடம் விடையில்லை.

கொடுப்பது ஒரு நாள் வேலை. கொடுத்ததைப் பேணத் துணைநிற்பது ஓராண்டு வேலை. பனியில் எழுந்த அத்தொண்டர்கள் நமக்குக் கற்பிப்பது இதுவே.

மஹல்லாதோறும் இப்பணியைச் சிறிய அளவிலேனும் தொடங்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜகாத் பொருள் பெறுபவருக்கே முழு உடைமையாகிவிடும். முதற் குட்டியைத் திருப்பித் தர வேண்டுமென்ற நிபந்தனை அதில் பொருந்தாது. ஸதகா நிதியைக் கொண்டு, ஆலிம்களின் ஆலோசனையோடு அதனைச் செய்யலாம். ஆடு வாங்கும்போதே தீனிக்கும் வைத்தியத்துக்கும் சிறிது தொகையை ஒதுக்க வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சென்று பார்த்துவர ஓர் இளைஞரையும் பொறுப்பாக்க வேண்டும்.

கொடுத்த பின்னும் கண்ணயராது கவனிக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.