தீப்பொறி இல்லாமல் எரியும்... கடல் தண்ணீரைக் குடிக்கும்! படகு இன்ஜினைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

மும்பை காட்கோபர் எல்.பி.எஸ். சாலையில் லாரிகளுக்குள் உறுமும் டீசல் இன்ஜினின் உடன்பிறப்புதான், கேட்வே ஆஃப் இந்தியா கரையிலிருந்து எலிபெண்டா தீவுக்குப் போகும் லாஞ்சுகளுக்குள்ளும் ஓடுகிறது. கடலுக்கான இன்ஜின்கள் பல, லாரி இன்ஜினைத் தண்ணீருக்கேற்ப மாற்றிச் செய்தவைதான்! லாரி நின்றால் ஓரங்கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். நடுக்கடலில் நின்றால்? அங்கே ஓரமே கிடையாதே! அதனால்தான் படகு இன்ஜினைப் பராமரிப்பது தனி வித்தை. அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் உங்கள் காலுக்கடியில் என்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா?

டீசல் இன்ஜினுக்குள் தீப்பொறியே கிடையாது! காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நசுக்குகிறது. நசுங்கிய காற்றின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்த நொடியில் நாசில் டீசலைப் பனிப்புகை போல் உள்ளே தெளிக்க, தானாகவே பற்றிக்கொள்கிறது. பழைய வகை இன்ஜின் ஒரு முறை கிளம்பிவிட்டால் பேட்டரி செத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும்!

1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது தெரியுமா? ஆமாம், நம் வீட்டு நிலக்கடலை எண்ணெய்! இந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலின் முடிவு இன்னும் மர்மம். 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போகும் கப்பலில் தன் அறைக்குப் போனவர், காலையில் கப்பலிலேயே இல்லை. பிறகு கடலில்தான் அவர் உடல் கிடைத்தது.

அந்தக் கடல்தான் படகு இன்ஜினைக் காப்பதும் கெடுப்பதும்! லாரியில் ரேடியேட்டரைக் காற்று குளிர்விக்கும். படகில் அந்த வேலை கடல் தண்ணீருக்கு. ஆனால் உப்புத் தண்ணீரை இன்ஜினுக்குள் நேராக விட்டால் இரும்பை அரித்துத் தின்றுவிடும். அதனால் பெரும்பாலான இன்ஜின்களில் இரண்டு தண்ணீர்! நல்ல தண்ணீர் இன்ஜினைச் சுற்றி வரும். கடல் தண்ணீர் பக்கத்துக் குழாய்களில் ஓடி அதன் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, புகைக்குழாயையும் குளிர்வித்து வெளியே போகும். இரண்டும் ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது.

அந்தக் கடல் தண்ணீரை இழுப்பது எது தெரியுமா? உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம். இம்பெல்லர் என்பார்கள். தண்ணீர்தான் அதற்கு மசகு. தண்ணீர் வரும் வழியை ஒரு பிளாஸ்டிக் பை அடைத்தால் போதும், சில நிமிடங்களில் ரப்பர் இதழ்கள் பொசுங்கிப் பிய்ந்துவிடும்! புது இம்பெல்லர் மாட்டினால் வேலை முடிந்ததா? இல்லை! நல்ல மெக்கானிக் பழைய சக்கரத்தில் எத்தனை இதழ் குறைகிறது என்று எண்ணுவார். பிய்ந்த துண்டுகள் குழாய்க்குள் எங்கோ சிக்கியிருக்கும். அத்தனையும் கைக்குக் கிடைக்கும்வரை தேடுவார். கிடைக்காத ஒரு துண்டு போதும், இன்ஜின் மறுபடி சூடேறும். இந்தப் பொறுமைக்குத்தான் நாம் கும்பிடு போட வேண்டும்.

இன்னொரு ஆச்சரியம்! கரைந்து போவதற்காகவே படகில் துத்தநாகக் கட்டிகளை வைக்கிறார்கள். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் தொடர்போடு இருந்தால் ஒன்று அரிபடும். துத்தநாகம் முந்திக்கொண்டு அரிபட்டு மற்றதைக் காப்பாற்றுகிறது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அதன்மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது. இந்த வழியை 1824-ல் சொன்னவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க அவர் செய்த ஏற்பாடு மிக நன்றாகவே பலித்தது. செப்பு கரைவது நின்றதும், அதன் நஞ்சுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த கொட்டலசுகள் (பார்னக்கிள்) கப்பலின் அடிப்பாகம் முழுக்கக் குடியேறிவிட்டன!

படகு இன்ஜின் கதையில் மும்பைக்கும் ஒரு பெருமை உண்டு. லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினரான முதல் இந்தியர் யார் தெரியுமா? கணித மேதை ராமானுஜன் என்றுதானே நினைத்தீர்கள்? அவர் 1918-ல் இரண்டாவது. முதலாமவர் மும்பையின் ஒரு படகு இன்ஜின்காரர்! கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தில் 1808-ல் பிறந்த அர்தசீர் கர்செட்ஜி. நீராவி இன்ஜின் செய்தார். 1834-லேயே மஸ்காவ்ன் பகுதியில் இருந்த தன் வீட்டில் கேஸ் விளக்கு எரிய வைத்தார். 1841-ல் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மும்பை நீராவித் தொழிற்சாலைக்குத் தலைமைப் பொறியாளராகி, ஐரோப்பியர்களையே வேலை வாங்கினார். காட்கோபரில் ஏறி, குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறி, டாக்யார்டு ரோடில் இறங்கினால் அவர் வாழ்ந்த மஸ்காவ்ன்தான்!

மறுபடி படகு இன்ஜினுக்கே வருவோம். டீசலைத் தின்று வாழும் பூஞ்சையும் உண்டு! பெயர் ஹார்மோகோனிஸ் ரெசினே. மழைக்காலத்தில் படகு மாதக்கணக்கில் கட்டிக் கிடக்கும்போது, பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று வியர்த்துத் தண்ணீராகி அடியில் தங்கும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே பூஞ்சை வளர்ந்து கொழகொழவென்று படியும். அமைதியான கடலில் ஒன்றும் தெரியாது. அலை அடித்துப் படகு குலுங்கும்போதுதான் படிவு கலங்கி ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் மிக அவசியமான நேரத்தில் நிற்கும்! மருந்து எளிது: டேங்கை நிரப்பிவிட்டுக் கட்டுங்கள், அடித்தண்ணீரை வடித்துவிடுங்கள்.

டீசல் குழாய்க்குள் புகுந்த ஒரு காற்றுக் குமிழி முழு இன்ஜினையும் நிறுத்திவிடும் தெரியுமா? பழைய வகை நாசில் திறக்கச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தம் வேண்டும். டீசல் நசுங்காது, காற்று நசுங்கிவிடும்; அழுத்தம் ஏறாது, நாசில் திறக்காது. இதைத்தான் ‘ஏர் புடிச்சிருச்சு’ என்கிறார்கள். காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, கையால் பம்பு அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு மூடினால் இன்ஜின் உயிர் பெறும்.

படகில் ஏறினால், இன்ஜினைக் குளிர்வித்த கடல் தண்ணீர் வெளியே பீய்ச்சி அடிக்கிறதா என்று பாருங்கள். பீய்ச்சிய தண்ணீர் நின்று வெறும் ஆவி வந்தால் உடனே ஓட்டுபவரிடம் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையைத் தயவுசெய்து கடலில் போடாதீர்கள்.