கப்பல் ரெடி... தண்ணி எங்கே பாஸ்?

‘‘அப்பா, நாளைக்கு நம்ம கப்பல் போகாதாம்ப்பா...’’

‘‘ஏம்மா, இன்ஜின் ரிப்பேரா?’’

‘‘இல்லப்பா. ஆத்துல தண்ணி இல்லையாம்!’’

அப்பா குளித்தலைக்காரர். ஒரு நிமிஷம் மகளையே பார்த்தாராம். அப்புறம் சிரிச்சுட்டார். ‘‘அடப்பாவிங்களா... காவிரியிலதான் தண்ணி இல்லைன்னு பார்த்தா, ரைன்லயுமா?’’

2022 ஆகஸ்ட் மாசம், ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்துப் படகுத்துறையில் நடந்த டயலாக் இது. மகள் நமக்கு சீனியர். ஜெர்மனியில் எம்.எஸ். முடிச்சு, வேலையில் சேர்ந்து, ரெண்டு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து, அப்பா அம்மாவை ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாஸல் வரைக்கும் ரைன் நதிக் கப்பலில் கூட்டிட்டுப் போனாங்க. ஏழு ராத்திரி. அம்மா அதுவரைக்கும் ராமேஸ்வரம் தாண்டினதில்லை. பாதி வழியில் கப்பல் நின்னுடுச்சு!

‘க்ரூஸுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்? ஹாஸ்டல் மெஸ் பில்லே பாக்கி இருக்கு’ன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உங்க க்ளாஸில் ‘மேல படிக்க ஜெர்மனி’ன்னு கனவில் இருக்கிறவங்க எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க. போய் நாலு காசு பார்த்ததும் முதல் வேலையா வீட்டில் இருக்கிறவங்களைக் கூப்பிடுவீங்க. வயசான அப்பா அம்மாவுக்கு ஊர் ஊரா பெட்டி தூக்கி அலையாத டூர் எதுன்னு தேடினா, வந்து நிக்கறது இந்தக் கப்பல்தான். லட்சக்கணக்கில் செலவாகும் சமாசாரம். அதனால இப்பவே கொஞ்சம் காது கொடுங்க.

கடல் கப்பல் வேற, ஆத்துக் கப்பல் வேற. ஐரோப்பிய நதிகளில் ஓடும் பெரிய கப்பல்கள் 135 மீட்டர் நீளம், அகலம் வெறும் 11.4 மீட்டர். பார்க்க ரயில் பெட்டியைத் தண்ணியில் மிதக்க விட்ட மாதிரி இருக்கும். ஏன் இப்படி ஒல்லிப்பிச்சான்னு கேட்டா, வழியில் இருக்கிற ‘லாக்’குகள்தான் காரணம். ஆத்தோட மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் நடுவில் கப்பலை ஒரு தொட்டிக்குள் அடைச்சு, தண்ணியை ஏத்தி இறக்கி அனுப்புவாங்க. அந்தத் தொட்டி அகலம் பல இடங்களில் 12 மீட்டர்தான். கப்பலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஜாண், ரெண்டு ஜாண்தான் இடைவெளி. ஜன்னல் வழியா சுவரைத் தொட்டுப் பார்க்கலாம்!

ஆக, இந்தக் கப்பலுக்கு மேலேயும் பிரச்னை, கீழேயும் பிரச்னை. தண்ணி குறைஞ்சா அடி தட்டும். தண்ணி ஏறினா பாலம் இடிக்கும். பாலத்துக்குக் கீழே போறதுக்காகவே கேப்டன் உட்காரும் அறையை லிஃப்ட் மாதிரி உள்ளே இறக்கிக்கலாம். மொட்டை மாடியில் கைப்பிடிக் கம்பிகளை மடக்கிடுவாங்க. அதுக்கும் மேல வெள்ளம் வந்தா? கரையில் கட்டிப் போட்டுட்டுக் காத்திருக்கணும், அவ்வளவுதான்.

இப்ப ரைனுக்கு வருவோம். சுமார் 1,233 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. பாஸலுக்குக் கீழே இஃபெட்ஸைம் வரைக்கும் 10 லாக்குகள் இருக்கு. அங்கெல்லாம் தண்ணியைத் தேக்கி வெச்சு மட்டத்தைக் காப்பாத்திடலாம். இஃபெட்ஸைமைத் தாண்டினா அணையே கிடையாது; வானம் கொடுக்கறதுதான் கணக்கு. அந்த நீளமான பாதையில் கழுத்தைப் பிடிக்கும் இடம், கவுப்னு ஒரு குட்டி ஊர். கோட்டைகளும் திராட்சைத் தோட்டமுமா இருக்கிற மத்திய ரைன் பள்ளத்தாக்கில், லோரலை பாறைக்குக் கொஞ்சம் மேலே இருக்கு. அங்கே ஆத்தடியில் பாறை, ஆழம் கம்மி. ஸ்விட்சர்லாந்திலிருந்து நெதர்லாந்து வரைக்கும் போற சரக்கெல்லாம் இந்த ஊர் அளவுகோலைப் பார்த்துத்தான் ஏத்துவாங்க.

2018 அக்டோபரில் அந்த அளவுகோல் 25 சென்டிமீட்டர் காட்டுச்சு. உடனே ‘ஐயோ, முழங்கால் அளவுகூட தண்ணி இல்லையா’ன்னு நம்ம ஆளுங்க பதறுவாங்க. அங்கதான் மேட்டர். அளவுகோலின் பூஜ்யம், ஆத்தோட தரை இல்லை! கவுப்பில் கப்பல் போகும் பாதையின் ஆழம், அளவுகோல் காட்டுறதைவிட சுமார் 1.1 மீட்டர் அதிகம். அப்ப 25-ன்னா கிட்டத்தட்ட 1.35 மீட்டர் ஆழம். ஒரு பெரிய பயணிக் கப்பலோட அடிப்பாகமே தண்ணிக்குள் ஒண்ணரை மீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும். இப்ப கணக்குப் புரியுதா? அதே அளவுகோல் 460-ஐத் தொட்டா கப்பல்களுக்கு வேகக் கட்டுப்பாடு. 640-ஐத் தொட்டா போக்குவரத்தே நிறுத்தம். இந்த ரெண்டு எண்ணையும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. செமஸ்டருக்கு வராது; டிக்கெட் போடும்போது உதவும்.

நம்ம சீனியர் போன 2022 ஆகஸ்ட்டில் கவுப் அளவு 40-க்குக் கீழே இறங்கிடுச்சு. பிங்கன் ஊரில் ஆத்துக்கு நடுவே ஒரு குட்டித் தீவில் ‘எலிக் கோபுரம்’னு ஒண்ணு இருக்கு. அந்த மாசம் ஜனங்க அதுக்கு நடந்தே போய் போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

டான்யூப் மட்டும் யோக்கியமான்னா, அதுவும் இல்லை. பவேரியாவில் ஸ்ட்ராவ்பிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவில் சுமார் 70 கிலோமீட்டர் அணை இல்லாமல் ஓடுது. கோடை வந்தா கப்பல்களுக்கு அங்கேதான் கண்டம். மழைக் காலத்தில் கதை தலைகீழ். டான்யூப், இன், இல்ட்ஸ்னு மூணு ஆறு சேரும் பாஸாவ் நகரத்தில் 2013 ஜூன் 3-ம் தேதி தண்ணி 12.89 மீட்டர் ஏறுச்சு. 1501-க்கு அப்புறம் அவ்வளவு உயரம் ஏறினதே இல்லை. பழைய நகராட்சி மண்டபச் சுவரில் ஒவ்வொரு வெள்ளத்தோட உயரத்தையும் வருஷம் போட்டுக் குறிச்சு வெச்சிருக்காங்க. போனா கட்டாயம் பாருங்க. தலைக்கு மேலே ரொம்ப தூரம் அண்ணாந்து பார்க்கணும். 2024-ல் ஜூனில் ஒரு தடவை, செப்டம்பரில் இன்னொரு தடவைன்னு டான்யூப் பொங்குச்சு. செப்டம்பர் வெள்ளத்தில் வியன்னாவில் கட்டிப்போட்ட கப்பலிலேயே பயணிகள் நாள்கணக்கில் குடியிருந்தாங்க.

இயற்கை மட்டும்தான் வில்லன்னு நினைக்காதீங்க. 2011 ஜனவரியில் லோரலை பக்கத்தில் ஆசிட் ஏத்தின டேங்கர் கப்பல் கவிழ்ந்து, ரைன் பாதை வாரக்கணக்கில் முடங்குச்சு. 2024 டிசம்பரில் மோசல் நதியில் ம்யூடன்ங்கற இடத்தில் ஒரு சரக்குக் கப்பல் லாக் கதவிலேயே போய் மோத, மேலே சுமார் 70 கப்பல் மாட்டிக்கிச்சு. ஒரு கதவு உடைஞ்சா மொத்த ஆறும் க்ளோஸ். நம்ம ஊர் லெவல் கிராஸிங் கேட் மாட்டிக்கிட்ட கதைதான்!

சரி, இப்படி ஆச்சுன்னா கம்பெனிக்காரங்க என்ன பண்ணுவாங்க? மூணு வித்தை கையில் வெச்சிருக்காங்க. முதலாவது, கப்பல் நின்ன இடத்தில் நிக்கும். காலையில் பஸ் வரும், ஊர் சுத்திக் காட்டிட்டு ராத்திரி திரும்பக் கொண்டுவந்து விடும். மிதக்கும் லாட்ஜ்னு வெச்சுக்கோங்க. ரெண்டாவது, ‘கப்பல் மாத்து’. அதே மாதிரி இன்னொரு கப்பல் எதிர்த்திசையில் வந்து அடைபட்ட இடத்துக்கு அந்தப் பக்கம் நிக்கும். அந்தக் கப்பல் ஜனம் இதுக்கு, இந்தக் கப்பல் ஜனம் அதுக்கு. அறை நம்பர்கூட சில சமயம் அதேதான் கிடைக்கும். மூணாவது, கிளம்பறதுக்கு முன்னாடியே ‘ஸாரி, கேன்சல்’.

சீனியர் குடும்பத்துக்குக் கிடைச்சது ரெண்டாவது. காலை எட்டு மணிக்குப் பெட்டியெல்லாம் அறை வாசலில் வைக்கச் சொன்னாங்க. பெட்டிகள் லாரியில், ஆளுங்க பஸ்ஸில். அப்பாவோட பி.பி. மாத்திரை பெட்டிக்குள்! லாரி வேற வழியா சுத்தி, மாயின்ஸில் நின்ன கப்பலுக்கு ராத்திரிதான் வந்து சேர்ந்துச்சு. ‘‘அந்த நாள் எனக்கு மறக்காது. லோரலை பாறையை எல்லாரும் பஸ் ஜன்னல் வழியா பார்க்கறாங்க. நான் அப்பா முகத்தையே பார்த்துட்டிருந்தேன்’’ங்கறாங்க. ஒண்ணும் ஆகலை, நல்லவேளை. ஆனா இதைப் படிக்கிற நீங்க, மாத்திரை, பாஸ்போர்ட், சார்ஜர், ஒரு செட் டிரெஸ் இதையெல்லாம் எப்பவும் தோள் பையிலேயே வெச்சுக்கச் சொல்லுங்க. சைவம் சாப்பிடறவங்களா இருந்தா கூடவே ரெண்டு பாக்கெட் தின்பண்டமும். பஸ் நிக்கிற ஊரில் மதியச் சாப்பாடுன்னா ரொட்டியும் ஆம்லெட்டும்தான் தேறும்.

எப்ப டிக்கெட் போடலாம்? ரைனில் பொதுவா ஆகஸ்ட்டிலிருந்து அக்டோபர் வரைக்கும் வறட்சி பயம். டான்யூபில் வசந்தம் முடிஞ்சு ஜூன் வரைக்கும் வெள்ள பயம். ஆனா 2025-ல் ஏப்ரலிலேயே ரைன் வத்த ஆரம்பிச்சதும் உண்டு. அதனால ‘இந்த மாசம் நூறு சதவீதம் சேஃப்’னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீங்க. அவருக்குப் பதிலா எல்விஸைக் கேளுங்க. பாட்டு பாடற எல்விஸ் இல்லீங்க! ஜெர்மனி அரசின் நீர்வழித் தகவல் சேவைக்குப் பேரே எல்விஸ். ஒவ்வொரு ஊர் அளவுகோலும் அதில் தினமும் பார்க்கலாம், காசு இல்லை. ரைனுக்கு ஆறு வாரம் முன்கூட்டியே நீர்மட்டக் கணிப்பும் அரசே வெளியிடுது.

விமானத்தைக் கப்பல் கிளம்பும் அன்னிக்கே போடாதீங்க. கப்பல் ஏறும் ஊரே கடைசி நிமிஷத்தில் மாறலாம். முன்னாடி ஒரு ராத்திரி, பின்னாடி ஒரு ராத்திரி கையிருப்பு வெச்சுக்கறது நல்லது. விசாவும் அப்படித்தான். ஷெங்கன் விசாவில் எத்தனை நாள் தங்கலாம்னு தனியா ஒரு எண் அச்சடிச்சிருக்கும். அதைக் கப்பல் நாட்களுக்குக் கச்சிதமா கேட்டு வாங்கினா, ரெண்டு நாள் தாமதத்திலேயே சிக்கல். (நம்ம கையில் இல்லாத காரணத்தால் மாட்டிக்கிட்டா, விசாவை அங்கேயே கட்டணமில்லாமல் நீட்டிக்க விதி இருக்கு. ஆனா டூர் நடுவில் அந்த ஆபீஸ் வாசலில் நிக்கணுமா சொல்லுங்க?) டான்யூபில் பெல்கிரேடு வரைக்கும் போற டூர்னா இன்னொரு கொக்கி: செர்பியா ஷெங்கனுக்கு வெளியே. திரும்பி உள்ளே வர, பல தடவை நுழையும் விசா வேணும்.

இன்ஷூரன்ஸ்? விசாவுக்காகக் கட்டாயமா எடுக்கும் 30,000 யூரோ பாலிசி ஆஸ்பத்திரிச் செலவுக்கு. ஆத்தில் தண்ணி குறைஞ்சதுக்கு அது ஒரு பைசா தராது. தனியா பயண இன்ஷூரன்ஸ் எடுத்தாலும் ‘நீர்மட்டத்தால் பாதை மாறினா பணம் உண்டா?’ன்னு நேராவே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்க. வாயால் சொன்ன ‘எல்லாம் கவராகும் சார்’ செல்லாத நோட்டு.

கடைசியா, பணம் திரும்ப வருமா? டிக்கெட்டோட விதிமுறைத் தாளில் ‘நீர்மட்டத்தைப் பொறுத்துப் பாதை மாறலாம்’னு பொடி எழுத்தில் ஒரு வரி கண்டிப்பா இருக்கும். அதைக் காட்டி ‘ஒண்ணும் கிடையாது’ம்பாங்க. ஐரோப்பிய யூனியனுக்குள் விற்கும் பேக்கேஜ் டூருக்கு 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற விதி வேற சொல்லுது. கிளம்பறதுக்கு முன்னாடி டூரின் முக்கிய அம்சமே மாறினா, அபராதம் இல்லாமல் கேன்சல் பண்ணிக்கலாம். நடுவில் சொன்னபடி நடக்கலைன்னா விலைக் குறைப்பு கேட்கலாம். வெள்ளமோ வறட்சியோ யார் தப்பும் இல்லைங்கறதால நஷ்டஈடு கிடைக்காது; ஆனா விலைக் குறைப்பு நஷ்டஈடு இல்லை, அது தனி. இந்த வித்தியாசம் தெரியாமலேயே பாதிப் பேர் பேசாம வீட்டுக்கு வந்துடறாங்க. இங்கே நம்ம ஊர் ஏஜென்ட்கிட்ட வாங்கினீங்கன்னா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

சீனியர் என்ன பண்ணாங்க தெரியுமா? பஸ்ஸில் போன ஒவ்வொரு மணி நேரத்தையும் குறிச்சு வெச்சு, தினமும் ஒட்டின புது நிகழ்ச்சி நிரலை போட்டோ எடுத்து, ஊர் திரும்பினதும் ஒரே ஒரு மெயில். ஒண்ணரை மாசம் இழுத்தடிச்சு, ஒரு பகுதி பணம் வந்துச்சு. முழு நியாயம்னு சொல்ல முடியாது. பேசாம இருந்திருந்தா அதுவும் வந்திருக்காது.

அம்மாவுக்கு பஸ்தான் ரொம்பப் பிடிச்சுதாம். கப்பலில் போயிருந்தா அந்தக் கரையோர ஊரில் இறங்கி டீ குடிச்சிருக்க முடியாதேங்கறாங்க. அப்பாவோ குளித்தலை திரும்பின பிறகும் கவுப்பை விடலை. முன்னெல்லாம் காலையில் பேப்பர் வந்ததும் மேட்டூர் அணை நீர்மட்டம் பார்ப்பார். இப்ப கூடவே மொபைலில் கவுப்பும். தினம் ஏழு மணிக்கு மகளுக்கு ஒரு மெசேஜ் பறக்குது: முதல் வரியில் மேட்டூர், அடிக்கணக்கில். ரெண்டாவது வரியில் ரைன், சென்டிமீட்டரில்.