பாத்தியதையைப் படிக்கும் உத்தியோகஸ்தர்

நிலத்தை ஈடு காட்டிக் கடன் பெற விரும்பும் அங்கத்தினர் எவருக்கும் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று ஆகியவை நன்கு பழக்கமானவை. சட்ட ஆலோசகர் இவற்றை வரிசைப்படுத்திப் படித்து, இந்நிலம் இன்னாருக்கே உரியது, இதன்மேல் பிறருக்குப் பாத்தியதை இல்லை என்று எழுதிக் கொடுத்த பின்னரே கடன் மனு மேலே நகர்கிறது. நம் நாட்டில் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது பத்திரமேயன்றிப் பாத்தியதை அன்று. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிந்து கொள்கிறார்; நிலம் விற்றவருக்கு உண்மையாகவே சொந்தமா என்பதற்கு அவர் அத்தாட்சி தருவதில்லை. அந்தக் கவலை வாங்குபவர் தலையிலும் கடன் கொடுப்பவர் தலையிலுமே வந்து விழுகிறது.

இந்தக் கவலையை அரசாங்கமே தன் தலைமேல் ஏற்றுக்கொண்ட இடங்களும் உலகில் உண்டு. அவற்றுள் மிகச் சிக்கலானதொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருக்கிறது. செவ்விந்தியர் என்று நம் பழைய பாடநூல்கள் குறிப்பிட்ட அந்நாட்டுத் தொல்குடி மக்களின் நிலங்களுக்கு, உள்நாட்டுத் துறையைச் சேர்ந்த இந்தியர் விவகாரப் பணியகமே பாத்தியதைப் பதிவேடுகளை வைத்துக் காத்து வருகிறது. அங்கே தனியார் வழக்கறிஞருக்குப் பதிலாகப் பாத்தியதைப் பரிசோதகர் என்னும் அரசாங்க உத்தியோகஸ்தர் தஸ்தாவேஜுகளைப் படிக்கிறார். அவர் படித்து எழுதியதற்கு அலுவலக மேலாளர் அத்தாட்சி செய்கிறார். அந்தப் பரிசோதகருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அவரைத் தகுதியுள்ளவர் என்று எதைக் கொண்டு சொல்வது என்பனவே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவன. நிலத்தையும் கடனையும் நம்பி வாழும் நமக்கு இது அயல்நாட்டு வேடிக்கைச் செய்தி அன்று.

முதலில் அந்நிலங்களின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். தொல்குடிகள் தம் நிலத்தைக் குடிக்குப் பொதுவாக வைத்திருந்தனர். 1887ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு பங்கீட்டுச் சட்டம் செய்தது. செனட்டர் டாஸ் என்பவரின் பெயரால் வழங்கும் இச்சட்டம், பொது நிலத்தைத் துண்டாக்கிக் குடும்பத் தலைவர் ஒருவருக்கு 160 ஏக்கர் வீதம் பங்கிட்டது. மிஞ்சியதென்று கருதப்பட்ட நிலம் வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்து விடப்பட்டது. 1887இல் தொல்குடிகளிடம் இருந்த நிலம் 13 கோடியே 80 லட்சம் ஏக்கர் என்றும், 1934இல் எஞ்சியது 4 கோடியே 80 லட்சம் ஏக்கர் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். 'தனியுடைமை தந்து முன்னேற்றுகிறோம்' என்ற பேச்சோடு நடந்தேறிய காரியம் இது!

பங்கிட்டுக் கொடுத்த நிலத்தையும் உடனே முழு உரிமையாக விட்டுவிடவில்லை. அரசாங்கம் தர்மகர்த்தா போன்று அதனைத் தன் பெயரில் 25 ஆண்டு வைத்திருக்கும். பயன் மட்டும் குடியானவருக்கு. 1934ஆம் ஆண்டுச் சட்டம் பங்கீட்டை நிறுத்தியதோடு, இந்த டிரஸ்டுக் காலத்தையும் வரம்பின்றி நீட்டித்தது. விளைவு யாதெனின், நிலம் விற்கப்படாமல் காப்பாற்றப்பட்டது. ஆயின் பங்குகளோ பெருகிக்கொண்டே போயின. நம் ஊரில் தந்தை இறந்தால் மக்கள் வரப்புப் போட்டுப் பாகம் பிரித்துக் கொள்வர். அங்கே நிலம் வரப்பின்றி ஒன்றாகவே கிடக்க, காகிதத்தில் மட்டும் பங்கு பிரிந்தது. உயில் எழுத 1910 வரை அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. இறப்புகள் நேரும்போதெல்லாம் பங்கு மேலும் உடைந்தது.

இந்த உடைவைக் கணக்கில் காண்போம். நிலம் பெற்ற முதல்வருக்கு நான்கு மக்கள். ஆளுக்குக் கால் பங்கு. அவருள் ஒருவர் மனைவியையும் மூன்று மக்களையும் விட்டு இறக்கிறார். அம்மாநிலச் சட்டம் மனைவிக்கு மூன்றில் ஒன்று தருகிறது என்று வைத்துக்கொண்டால், அவளுக்குக் கிடைப்பது 12இல் ஒன்று. மக்கள் ஒவ்வொருவருக்கும் 18இல் ஒன்று. அம்மக்களுள் ஒருவர் ஐந்து பிள்ளைகளை மட்டும் விட்டு இறந்தால் பிள்ளைக்கு 90இல் ஒன்று. முதல்வரின் பேரனுக்குப் பிள்ளைகள் என்ற அளவிலேயே இப்படி! இதற்கிடையே, 12இல் ஒன்று பெற்ற கைம்பெண் மறுமணம் செய்து வேறு குடியிருப்புக்குப் போய், அங்கே பிறந்த மக்களுக்குத் தன் பங்கை விட்டிருப்பாள்.

இவ்வாறு பெருகிய கணக்கின் உச்சத்தை 1987ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றில் காணலாம். ஹோடல் எதிர் இர்விங் என்பது அவ்வழக்கு. சிசெட்டன்-வாப்பெட்டன் குடியினரின் 1305ஆம் எண் நிலத் துண்டு பற்றி நீதிமன்றம் எடுத்துக்காட்டிய விவரம் இது: பரப்பு 40 ஏக்கர், மதிப்பு 8,000 டாலர், ஆண்டு வருமானம் 1,080 டாலர், உரிமையாளர் 439 பேர். மிகப் பெரிய பங்குக்காரருக்கு ஆண்டுக்கு 82 டாலர் 85 சென்ட். மிகச் சிறிய பங்குக்காரருக்கு 177 ஆண்டுக்கு ஒரு முறை ஒரு சென்ட். பங்குகளைக் கூட்டப் பயன்பட்ட பொதுப் பகுதி எண் 3,39,492 கோடியே 38 லட்சத்து 40 ஆயிரம். இந்த ஒரு துண்டை நிர்வகிக்கப் பணியகத்துக்கு ஆகும் ஆண்டுச் செலவோ 17,560 டாலர். நம் முன்னோர் 320இல் ஒன்றை முந்திரி என்றும், அம்முந்திரியையே மீண்டும் 320ஆகப் பகுத்ததைக் கீழ்முந்திரி என்றும் வழங்கினர். கீழ்முந்திரிக் கணக்கும் இங்கே கைகொடாது.

இத்தகைய துகள்களைக் கழித்துவிட்டால் என்ன என்று காங்கிரஸ் 1983இல் எண்ணியது. நூற்றுக்கு இரண்டோ அதற்கும் குறைவாகவோ இருந்து, அதற்கு முந்தைய ஆண்டில் 100 டாலர் கூட ஈட்டாத பங்கு, உரிமையாளர் இறந்ததும் இழப்பீடின்றிக் குடிக்கே சேரும் என விதித்தது. அவ்விதி செல்லாதென்று மேற்சொன்ன 1987 தீர்ப்பு அறிவித்தது. திருத்திச் செய்த விதியும் 1997இல் வீழ்ந்தது. எத்துணைச் சிறிய பங்காயினும் அது சொத்தே என்பது இத்தீர்ப்புகளின் சாரம். எனவே பரிசோதகர் ஒரு பங்கையும் தூசியென்று தட்டிவிட இயலாது.

இனிப் பரிசோதகரின் பயிற்சிக்கு வருவோம். அவர் முதலில் கற்க வேண்டியது நிலத்தின் அடையாளம். 1785இல் தொடங்கிய அளவை முறைப்படி அந்நாட்டின் பெரும்பகுதி டவுன்ஷிப் என்னும் சதுரங்களாக வகுக்கப்பட்டது. பக்கத்துக்கு ஆறு மைல். அதனுள் 36 செக்ஷன்கள். செக்ஷன் ஒன்றுக்கு 640 ஏக்கர். செக்ஷனைக் காலாக்கி, காலை மீண்டும் காலாக்கி, 'இன்ன செக்ஷனின் தென்மேற்குக் காலின் வடகிழக்குக் கால்' என்று எழுதினால் அது 40 ஏக்கர். வடகிழக்கு என்பதை வடமேற்கு என்று ஒருவர் பிறழ எழுதினால் நிலம் அடுத்தவர் வயலுக்கு நகர்ந்துவிடும். நம் சர்வே எண்ணில் உட்பிரிவு தவறினால் நேரும் தொல்லை நாம் அறியாததா?

அடுத்தது பாத்தியதைத் தொடர். முதற் பட்டயம் தொடங்கி விற்பனை, கொடை, வாரிசுத் தீர்ப்பு, குத்தகை, ரஸ்தா விட்ட வழியுரிமை, ஈடு எனப் பதிவான ஒவ்வொன்றையும் நாள் வரிசையில் கோத்துப் பார்க்க வேண்டும். பங்குகளைக் கூட்டினால் சரியாக ஒன்று வர வேண்டும். குறைந்தால் ஒரு வாரிசு விடுபட்டிருக்கிறார். மிகுந்தால் எவரோ இருமுறை ஏறியிருக்கிறார். ஆயின் கணக்கு ஒன்று என்று வந்துவிட்டதாலேயே எல்லாம் சரியென்று எண்ணுபவர் இவ்வேலைக்குத் தகுதியற்றவர் என்பேன். பங்கு தவறான ஆளிடம் போயிருந்தாலும் கூட்டுத்தொகை ஒன்றாகவே நிற்கும். ஒரே மனிதர் தம் குடிமொழியில் ஒரு பெயரும் ஆங்கிலத்தில் ஒரு பெயரும் கொண்டு, இரு பதிவுகளில் இருவராக நிற்கக் கூடும். தந்தையும் மகனும் ஒரே பெயரில் ஒருவராகிவிடுதலும் உண்டு. கணிதம் வல்லவர் இங்கே நின்றுவிடுவார். பதிவைப் படிக்க வல்லவர் மேலே செல்வார்.

மூன்றாவது, சட்டம் நாளுக்கு நாள் மாறும் என்ற உணர்வு. 2004இல் தொல்குடி வாரிசுரிமைச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. 2006 ஜூன் 20ஆம் தேதியிலும் அதன் பின்னும் இறந்தவர்களுக்கே அது பொருந்தும். உயில் இல்லாதபோது, நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்த பங்கு அச்சட்டப்படி பெரும்பாலும் உயிரோடிருக்கும் மூத்த பிள்ளை ஒருவருக்கே செல்லும். முந்தைய முறையில் மாநிலச் சட்டப்படி எல்லா வாரிசுகளுக்கும் பிரியும். ஜூன் 19ஆம் தேதி இறந்தவரின் இளைய மக்கள் பங்கு பெறுவர். மறுநாள் இறந்தவரின் இளைய மக்களுக்கு அது இல்லாமற் போகலாம். இறப்புத் தேதியில் ஓர் எண்ணைத் தவறாகப் படித்தால் ஒரு குடும்பமே பதிவிலிருந்து மறையும்.

இவ்வளவும் கற்றவர் இன்னொன்றையும் கற்க வேண்டும். அது தம் எல்லை. வாரிசு விசாரணை நீதிபதியின் தீர்ப்பில் பிழை இருப்பதாகக் கண்டால் அதைத் தாமே திருத்தி எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. பிழையைச் சுட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். சட்டச் சந்தேகம் தோன்றினால் துறையின் சட்ட அதிகாரிக்கு எழுத வேண்டும். வழக்கறிஞராக இருத்தல் இப்பணிக்குக் கட்டாயம் அன்று; 'எனக்கு இது தெளிவாகவில்லை' என்று கோப்பில் எழுதும் துணிவுதான் கட்டாயம். என் கருத்தில் பயிற்சியின் மிகக் கடினமான பாடம் இதுவே. மனுக்கள் குவிந்து கிடக்கையில் சந்தேகத்தை விழுங்கிவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்புதல் எளிது.

பணியகத்தின் விதிகள் பாத்தியதைப் பரிசோதனை என்பதை, தகுதி பெற்ற பரிசோதகர் ஒருவர் பதிவுகளின் முழுமையையும் சரிநிலையையும் ஆராய்ந்து, அந்த முடிவுக்கு மேலாளர் அத்தாட்சி செய்தல் என்று வரையறுத்து வந்தன. பரிசோதனைக்குப் பின் பாத்தியதை நிலை அறிக்கை வெளியாகும். நிலத்தின் சரியான அடையாளம், இன்றைய உரிமையாளர், அதன்மேல் உள்ள வில்லங்கங்கள், அது டிரஸ்டு நிலமா அன்றா என்பவை அதில் இருக்கும். ஆராய்பவர் ஒருவர், அத்தாட்சி செய்பவர் மற்றொருவர் என்னும் ஏற்பாடு நம் சங்கங்களில் கணக்கு எழுதுபவரும் தணிக்கை செய்பவரும் வெவ்வேறாக இருத்தலை ஒக்கும். ஆனால் மேலாளர் ஒவ்வொரு தஸ்தாவேஜையும் மீண்டும் படித்துக் கொண்டிருக்க முடியாது. அவரது முத்திரையின் மதிப்பு பரிசோதகரின் பயிற்சியில்தான் அடங்கியிருக்கிறது.

இந்த அறிக்கை இல்லாவிடில் குடியானவருக்கு வீட்டுக் கடன் கூடக் கிட்டாது. 1992இல் தொல்குடியினருக்கென ஏற்பட்ட 184ஆம் பிரிவு வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், டிரஸ்டு நிலத்தின்மேல் கடன் கேட்பவர் அத்தாட்சி பெற்ற அறிக்கையைக் காட்ட வேண்டும். ஈடு பதிவான பின் மீண்டும் ஓர் அறிக்கை வேண்டும். அறிக்கை தாமதமாகிறது என்பது கடன் கொடுக்கும் வங்கிகளின் நெடுநாள் முறையீடு. பரிசோதகர் போதாமல் விரைவும் குறைந்து, விரைவுபடுத்தினால் பிழையும் மிகுகிறதென்றால், கூடுதல் ஆட்களைப் பயிற்றுவிப்பதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தோன்றவில்லை.

பதிவும் கணக்கும் சீர்கெட்டால் நேர்வது என்ன என்பதை உலகறியச் செய்தவர் எலூயிஸ் கோபெல் என்னும் அம்மையார். மொன்டானா மாநிலத்தின் பிளாக்ஃபீட் குடியைச் சேர்ந்த அவர் குடியின் பொருளாளராக இருந்தவர். 1987இல் குடிக்கென ஒரு வங்கி தோன்ற முன்னின்றவர். கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்த அவருக்கு, அரசாங்கம் தம் மக்களின் குத்தகைப் பணத்துக்குச் சரியான கணக்குக் காட்டவில்லை என்பது புலப்பட்டது. 1996இல் வழக்குத் தொடுத்தார். நிலம் எவருக்கு எத்துணைப் பங்கு என்பது நிச்சயமில்லாதபோது பணம் எவருக்கு எவ்வளவு என்பது எப்படி நிச்சயமாகும்? 13 ஆண்டுக்குப் பின், 2009இல், 340 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. 2010இல் காங்கிரஸ் அதை ஏற்றது. அம்மையார் 2011 அக்டோபரில் காலமானார்.

அச்சமரசத்தில் 190 கோடி டாலர், விரும்பி விற்போரிடமிருந்து சிறு பங்குகளை வாங்கிக் குடிக்கே திருப்பித் தர ஒதுக்கப்பட்டது. பத்தாண்டு நடந்து 2022இல் அத்திட்டம் முடிவுற்றபோது 169 கோடி டாலர் அளவுக்கு நில உரிமையாளர்களுக்குப் பணம் சென்றிருந்தது. ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கருக்குச் சமமான பங்குகள் ஒன்று சேர்ந்தன. விற்பவர் இன்னார், அவர் பங்கு இவ்வளவு என்று பாத்தியதைப் பதிவு சொல்லாமல் இதில் ஒரு காசோலையும் எழுதியிருக்க முடியாது.

இப்போது பின்னக் கணக்கைக் கணினி போடுகிறது. நீண்ட பகுதி எண்ணை மனிதர் காகிதத்தில் எழுதிக் கூட்ட வேண்டிய நிலை மாறிவிட்டது. இது பெரிய நன்மையே. எனினும் பழைய ஏட்டில் இருப்பதைக் கணினியில் ஏற்றுபவர் தவறாகப் படித்தால், அத்தவறு அதன் பின் ஒவ்வொரு தலைமுறைக்கும் பிழையின்றிப் பெருக்கப்படும்.

1975ஆம் ஆண்டின் சுய நிர்ணயச் சட்டம், பணியகத்தின் வேலைகளைக் குடிகளே ஒப்பந்தத்தின் பேரில் நடத்த வழி செய்தது. பாத்தியதைப் பதிவு வேலையை ஏற்றுள்ள குடிகளும் உண்டு. தம் குடும்பங்களின் கிளைகளை நேரே அறிந்த இளைஞர் இப்பயிற்சிக்கு வருதல் எவ்வளவோ நல்லது. எந்த வாரிசு எப்பெயரில் வழங்கினார் என்பது அவர்களுக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரியும். ஆயின் 439 பேருக்கு உரிய துண்டில் பரிசோதகரின் அத்தையோ மாமனோ ஒரு பங்குக்காரராக இருப்பது அரிதன்று. அத்தகைய கோப்பு வரும்போது அவர் அதை எடுத்து அடுத்த மேசைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அடுத்த மேசையில் பயிற்சி பெற்ற மற்றொருவர் அமர்ந்திருக்கவும் வேண்டும்.